நான்கே முக்கால் அடியில் ஒரு காது

இலவசமாக ஒன்று வருகிறது என்றால் எங்கள் சி பிளாக்கில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்கக்கூடிய ஒரே ஆள் இசக்கிப்ரியா. அதனாலேயே அவளை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில், அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

இந்த முறை இலவசமாக வந்தது ஓர் இயந்திரம். அனுப்பியது நெய்தல் பவர் கம்பெனி. எங்கள் உப்பங்காட்டுக் கடற்கரையில் அவர்களுடைய அனல்மின் நிலையம் நாற்பது வருடம் நிலக்கரி எரித்தது. நிலக்கரியே கூடாது என்று நாடு முழுக்க நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. புகைபோக்கி இப்போது வேலை எதுவும் இல்லாமல், ரிட்டயர்டு தாசில்தார் போல விறைப்பாக நிற்கிறது. அது துப்பிய சாம்பல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை; குவித்துப்போட்ட மேட்டிலிருந்து இன்னும் பறந்து வருகிறது. சுவர், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. "எங்களால் கறுத்ததை நாங்களே வெளுப்போம்" என்று நோட்டீஸ் அடித்து, குடியிருப்பு குடியிருப்பாக இயந்திரத்தை அனுப்பினார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தினகர் அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் வேலை முடியும், அன்றைக்கே விழா, அவருக்குச் சால்வை. சால்வை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிதர் சட்டையை இன் பண்ணிக்கொண்டுதான் மாடிப்படியே ஏறினார்.

இயந்திரத்தோடு வந்தவள் ரிஸ்வானா. மதுரைக்காரி, நாற்பது வயது இருக்கும். காதில் பெரிய மூடி, கையில் தடித்த உறை. முதல் நாளே போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"என்னத்தம்மா அடிக்க? தண்ணியா, மணலா?"

"ரெண்டும் இல்லக்கா. ட்ரை ஐஸ். கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ள நடந்து வர்றப்ப காலடியில புகை விடுவாய்ங்கள்ல, அதே ஐட்டம்தான். அரிசி மாதிரி சின்னச் சின்னக் கட்டியா இருக்கும். காத்துல வேகமா அடிச்சா அழுக்கு வெறச்சுச் சுருங்கிப் பொரிஞ்சு வந்துரும். ஐஸ்கட்டி அப்பவே ஆவியாகிக் காணாமப் போயிரும்."

"அப்பம் கீழ என்ன விழும்?"

"அழுக்கு மட்டுந்தான். அதையும் இந்த மூக்கு உறிஞ்சிரும்."

மூக்கு என்று அவள் சொன்னது, துப்பாக்கி போன்ற அந்தக் கருவியின் ஓரத்தில் ஒட்டியிருந்த குழாயை. அதுதான் புதுச் சரக்கு. உதிர்வதை உறிஞ்சும்போதே அது என்ன, எந்தக் காலத்தது என்று படித்துத் திரையில் காட்டிவிடும்.

"அழுக்கப் போயி எதுக்குப் படிக்கணும்?"

"எங்க நிறுத்தணும்னு தெரியணும்லக்கா? இல்லாட்டி அழுக்கோட சேத்து செவுத்தையும் தின்னுரும். மேல இருந்து ஒவ்வொரு அடுக்கா, தலமுடி தடிமனுக்குப் படிச்சுக்கிட்டே போகும். உங்க பிளாக்கு இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. வருசா வருசம் போகிக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்க. ஆனா ஒரு வருசங்கூடச் சொரண்டல!"

அது உண்மை. சுரண்டாமல் அடி என்பது தினகர் அண்ணாச்சியின் நிரந்தர உத்தரவு. சுரண்ட ஆரம்பித்தால் பொங்கலுக்குள் முடியாதாம். அதனால் சாம்பலின் மேல் சுண்ணாம்பு, அதன் மேல் அடுத்த வருடத்துச் சாம்பல், அதன் மேல் அடுத்த போகி. எங்கள் சுவர்கள் பரோட்டா போல அடுக்கடுக்காகத் தடித்துப்போயிருந்தன. ஒரு சுண்ணாம்புக்கும் அடுத்த சுண்ணாம்புக்கும் நடுவே ஒரு வருடம் அப்படியே மாட்டிக்கொண்டு இருந்தது.

அடுத்த ஒரு வாரம் நான் வாழ்ந்த வாழ்வை என்னவென்று சொல்ல! இருபத்திரண்டு வருடம் கஸ்டமர் கேரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அடுத்தவர் கஷ்டத்தைக் காதில் வாங்கிப் பிழைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு விருந்து கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. இரண்டாம் மாடியில், வெங்காயம்கூடச் சேர்க்காத சுத்தமான வீடு ஒன்று உண்டு. அவர்களின் சமையலறை ஜன்னலுக்கு மேலே மூக்கை வைத்த ரிஸ்வானா, திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நெத்திலிக் கருவாடுக்கா. ஒம்போது வருசம். வாரத்துக்கு ரெண்டு தடவ."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை. சிரித்த சிரிப்பில் இருமல்தான் வந்தது. எனக்குக் கொஞ்ச நாளாகவே தொண்டைக் கமறல் உண்டு. சுண்ணாம்பு ஒத்துக்கொள்வதில்லை.

எட்டாம் தேதி இயந்திரம் எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறியது. இசக்கிப்ரியா தன் வீட்டு வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்க வீட்டுச் செவுத்துல கை வைக்கப்பிடாது."

"ஏம்மா, எல்லாரு வீட்டுலயும் அடிச்சாச்சு, உன் வீட்டுல மட்டும் என்ன புதையலா இருக்கு?" என்றார் தினகர் அண்ணாச்சி.

"பதினெட்டாந் தேதி மாசு விசாரணை வாரியத்துல இருந்து ஆய்வாளர் வாராவ. அவிய முன்னால இதே மெஷினு எங்க பால்கனிச் செவுத்தப் படிக்கணும். படிச்ச பொறவு நீங்க என்னத்த வேணா அடிங்க."

"பதினஞ்சு விழாம்மா. கம்பெனி எம்.டி. வாராரு."

"உங்க சால்வைய மூணு நாளு தள்ளிப் போத்துனா என்ன அண்ணாச்சி, வேத்தா கொட்டிரும்?"

படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

இவள் ஏன் இப்படிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்காரர் நயினார் தையல்காரர். வெளிச்சம் வேண்டும் என்று பின்பக்கத்து சர்வீஸ் பால்கனியில் மிஷினைப் போட்டுக்கொண்டு, புகைபோக்கியைப் பார்த்தபடியே காலை முதல் இருட்டும்வரை தைப்பார். இருமி இருமி, நுரையீரல் போய், ஏழு வருடத்துக்கு முன்பு செத்துப்போனார். கம்பெனி மருத்துவமனை கொடுத்த சான்றிதழில் இறப்புக்குக் காரணம் 'நாட்பட்ட புகைப்பழக்கம்' என்று எழுதியிருந்தது.

மனிதர் பீடியைக் கையால் தொட்டதில்லை என்பது இவள் வாதம். நஷ்டஈடு வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று ஏழு வருடமாக நடக்கிறாள். பால்கனிச் சாம்பலை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனாள். நீங்களே சுரண்டியது செல்லாது என்றார்கள். போட்டோ எடுத்துப் போனாள். தேதி இல்லாதது செல்லாது என்றார்கள். சாம்பல் வடிகட்டிகள் எல்லா நாளும் ஓடின என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. ஓடியதற்குப் பதிவேடு எங்கே என்று கேட்டாள். சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டது என்றார்கள். அது மட்டும் செல்லுமாம்.

அதோடு ஒரு விசாரணை அறிக்கையும் இருந்தது. 'அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், இறந்தவருக்கு ரகசியமாகப் பீடி பிடிக்கும் வழக்கம் இருந்தது தெரியவருகிறது.'

அந்த அக்கம்பக்கம் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பிளாக்கில் ஒரு மாடிக்கு இரண்டே வீடுதான். எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

நான் பொய் சொல்லவில்லை. பால்கனியில் புகை வாடை அடித்தது, அந்தப் பக்கத்திலிருந்து இருமல் கேட்டது. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கூட்டியதை நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவதாக வந்தவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார், அவரிடமும் சொன்னேன். அவ்வளவுதான்.

ஒன்பதாம் தேதி என் வீட்டு முறை. அவள் பால்கனிக்கும் என் பால்கனிக்கும் நடுவே ஒரே தடுப்புச்சுவர். என் பக்கத்துச் சுவரில் ரிஸ்வானா முதலில் ஒரு நீல விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். காது மூடியைக் கழற்றினாள்.

"யக்கா... இங்க ஒரு காது இருக்கு."

"என்னது?"

"காதுக்கா. மனுசக் காது. மடல், சோணை, கம்மல் அழுந்துன குழி, எல்லாம் அச்சுக் குத்துன மாதிரி. நாலே முக்கால் அடி உயரத்துல." விளக்கைத் திருப்பினாள். "தேங்காயெண்ணெயும் தோல் பிசுக்கும். ஒரு அடுக்கு இல்ல. சுண்ணாம்பு, சாம்பல், காது. சுண்ணாம்பு, சாம்பல், காது. பதிமூணு வருசம்! வருசா வருசம் போகிக்கு மூடியிருக்காய்ங்க, மறுபடி வந்து அதே இடத்துல ஒட்டிக்கிருச்சு."

அவள் பார்வை சுவரிலிருந்து என் முகத்துக்கு வந்து, என் வலது காதில் போய் நின்றது. நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"யாருட்டயும் சொல்லிராத தாயி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடிச்சுரவா? ரெண்டே நிமிசம், காது போயிரும்" என்றாள்.

"அடிக்கும்போது உன் மூக்கு அதப் படிக்குமா?"

"படிக்கும். கம்பெனிக்குப் போகும். 'மனிதக் காது, பதின்மூன்று அடுக்கு'ன்னு போகும்."

வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். ஆளுயரப் பழைய ஷூ ரேக்கை இழுத்து அந்த இடத்தை மறைத்தேன். என் வீட்டில் வேலை முடிந்துவிட்டது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் டிக் அடித்துக்கொண்டார். ரிஸ்வானா காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல பெண்.

பதினொன்றாம் தேதி காலை பால் பூத்தில் அண்ணாச்சி நின்றிருந்தார். சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்ன பெனிட்டாம்மா, உங்க பக்கத்து வீட்டுக் கலெக்டர் இன்னும் எந்திரிக்கலையா?"

"அவ ஆறரை பஸ்ஸுக்கே போயிட்டால்லா? வாரிய ஆபீசுல தடை உத்தரவு வாங்கப் போயிருக்கா. வர ஏழு மணி ஆவும்."

எனக்குத் தெரியாமல் அவள் பஸ் ஏறிவிட முடியுமா? முந்தின நாள் அவள் போனில் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு வயிறு உப்பிவிடும். சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு மேலே வந்து, டிகாஷன் இறங்குவதற்குள், பின்பக்கம் தொங்கு மேடை ஏறுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் போகாமலே பால்கனியை வெளியிலிருந்து அடிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சிக்குத் தோன்றியிருக்கிறது.

"அவுங்க வேணாம்னு சொன்னாங்களே சார்?" ரிஸ்வானாவின் குரல்.

"சங்கத் தீர்மானம் இருக்கும்மா. உனக்கு ஒப்பந்தம் இருக்கு. நீ அடி."

அவள் அடித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாலும் பல் கூசுகிற சத்தம். இருபது நிமிடத்தில் நின்றது. நான் பால்கனிக்கு ஓடினேன்.

"ஏட்டி, படிச்சதெல்லாம் எங்க?"

"கம்பெனிக்குப் போயிருச்சுக்கா. என் திரையில அடுத்த செவுத்துக்குப் போற வரைக்குந்தான் நிக்கும்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். நான் பாத்தது செல்லாதுக்கா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு."

ஏழு மணிக்கு இசக்கிப்ரியா வந்தாள். கையில் தடை உத்தரவு இருந்தது. முத்திரை குத்திய, அசல், செல்லக்கூடிய காகிதம். ஏழு வருடத்தில் அவளுக்குச் சாதகமாக வந்த முதல் காகிதம் அதுதான். பால்கனிக்குப் போனாள். இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். சுவர் புதுப் பல்செட் போல வெளுத்திருந்தது. ஒரு விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அண்ணாச்சி பின்னாலேயே வந்துவிட்டார். "சுத்தம் பண்ணுனது ஒரு தப்பாம்மா?" என்று ஆரம்பித்தார்.

அவள் கத்துவாள் என்று எல்லோரும் வாசலில் கூடியிருந்தோம். அவள் கத்தவில்லை.

"எங்க வீட்டுக்காரர இன்னொருக்கக் குளிப்பாட்டி அனுப்பிட்டிய அண்ணாச்சி" என்றாள். "நல்லா இருங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குப் பழக்க தோஷத்தில் ஷூ ரேக்கை நகர்த்திவிட்டுச் சுவரில் காது வைத்தேன். அழுகைச் சத்தம் இல்லை. தையல் மிஷின் ஓடியது. நூலும் துணியும் மாட்டாமல் ஓடுகிற மிஷினுக்கு வேறு மாதிரி சத்தம், வெறும் வாயை மெல்லுகிற மாதிரி. ஓடிக்கொண்டே இருந்தது. சண்டை, சிணுங்கல், வசவு, எதைக் கேட்டாலும் தாங்குகிற காது எனக்கு. அதை மட்டும் தாங்கவில்லை. அவள் ஊரில் இல்லை என்று சொன்னது யார் என்று அவள் யாரையும் கேட்கவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினைந்தாம் தேதி விழா நடந்தது. சால்வை அண்ணாச்சிக்குச் சின்னதாகப் போய்விட்டது, ஒரு தோள்தான் மூடியது. எனக்கு வழக்கமான சந்தோஷம் வரவில்லை.

பதினெட்டாம் தேதி ஆய்வாளர் மதுமிதா வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண். மாவட்டத்திலேயே அந்த மூக்கு வைத்த இயந்திரம் ஒன்றுதான் என்பதால் ரிஸ்வானாவும் கூட வந்தாள். இன்றைக்கு அவள் வாரியத்துக்காக வேலை செய்கிறாள். படிப்பதெல்லாம் வாரியத்துக்கே போகும்.

ஆய்வாளர் இசக்கிப்ரியாவின் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். தடை உத்தரவின் தேதியைப் பார்த்தார். "உத்தரவு மீறல்னு தனியா ஒரு மனு போடுங்கம்மா" என்றார்.

"அது எத்தன வருசம் மேடம்?"

ஆய்வாளர் ஃபைலைப் புரட்டினார். "இந்தக் கட்டடத்தில இந்தக் காத்து படுற மாதிரி, இதே உயரத்தில, கழுவாத சுவர் ஒண்ணாவது இருந்தா எடுத்துக்கலாம். இல்லைன்னா மனுவை முடிச்சு வைக்கிறதைத் தவிர வழியில்லை."

"எங்க பிளாக்குல நூத்துக்கு நூறு முடிச்சாச்சு மேடம்" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து, தடித்த கையுறைக்குள் விரலை நுழைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்டதை இப்படி ஒருத்தி காப்பாற்றினால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"எங்க வீட்டுச் செவுரு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன்.

அண்ணாச்சி திரும்பினார். "முடிஞ்சிட்டுன்னு சொன்னிய?"

"சொன்னேன்."

எல்லோரும் என் பால்கனிக்கு வந்தார்கள். ஷூ ரேக் இருந்த இடத்தை விட்டுவிட்டு, மேல் மூலையைக் காட்டினேன். ரிஸ்வானா மெல்ல அடித்தாள். ஒவ்வொரு சுண்ணாம்பாகப் பெயர்ந்து ஒவ்வொரு வருடமாகத் திறந்தது. நயினார் கடைசியாக உட்கார்ந்து தைத்த வருடமும் அதற்கு முந்தின இரண்டு வருடமும் திறந்ததும் நிறுத்தினாள்.

"இங்க பாருங்க மேடம். இம்புட்டுத் தடிமன், இம்புட்டுப் பெரிய துகள். வடிகட்டி ஓடிருந்தா இது வெளிய வரவே வராது. இது வடிகட்டிய நிறுத்திப்புட்டு எரிச்ச சாம்பல். அவரு கடைசியாத் தச்ச வருசம், அதுக்கு முந்துன ரெண்டு வருசம், மூணும் அப்படித்தான்."

இசக்கிப்ரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆய்வாளர் எழுதினார். நான் மூச்சு விட்டேன். முடிந்தது, காது தப்பித்தது என்று நினைத்தேன்.

எழுதுகிற கை நின்றது.

"சாம்பல் இருந்தது சரி. ஆனா அதோட பீடியும் இருந்திருக்கலாமே? அக்கம்பக்கத்து வாக்குமூலம் ஃபைல்ல இருக்கு. இந்தச் சுவர்ல பீடிப்புகை இல்லைன்னு காட்ட முடியுமா?"

"சுண்ணாம்புல பீடிப்புகை நிக்காது மேடம்" என்றாள் ரிஸ்வானா. "பிசுக்கு இருந்தாத்தான் ஒட்டும். எண்ணெய்ப் பிசுக்கு... இருந்தா..."

பால்கனியில் ஏழெட்டுப் பேர். கீழே இரண்டாம் மாடிக் கருவாட்டுக்காரி கம்பியில் தலையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் என்ன பாடு படுத்தியிருந்தேன்! எனக்கு இருமல் வந்தது. ஆய்வாளர் பேனாவை மூடப் போனார்.

ஷூ ரேக்கைக் காலால் தள்ளினேன். ஒரு செருப்பு உருண்டு அண்ணாச்சியின் காலடியில் போய் விழுந்தது.

"அங்கன இருக்கு பிசுக்கு. படிங்க."

நீல விளக்கில் காது எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரிஸ்வானா அடிக்கத் தொடங்கினாள். வருடம் வருடமாக என் காது விறைத்து, பொரிந்து, குழாய்க்குள் போயிற்று. பதிமூன்று காதும் போய் முடிய நேரம் ஆயிற்று.

"சாம்பல் இருக்கு. தேங்காயெண்ணெய் இருக்கு. சாம்பிராணி இருக்கு, வருசத்துக்கு ஒருக்கா பட்டாசு இருக்கு. பீடி, சிகரெட்டு, ஒரு துளிகூட இல்ல மேடம். அந்தப் பக்கம் உக்காந்து ஒரே ஒரு பீடி குடிச்சிருந்தாக்கூட இந்தக் காதுல ஒட்டாம இருந்திருக்காது."

"இது யாருடைய காது?" என்றார் ஆய்வாளர்.

"என்னோடது."

"பதிவுக்காகக் கேட்கிறேன். பதிமூணு வருஷம் இந்தச் சுவர்ல ஏன் காது வெச்சீங்க?"

"கேக்கதுக்குத்தான்."

"என்ன கேட்டுது?"

"இருமல் மேடம். அவரு இருமுவாரு. அவ தண்ணி கொண்டு வருவா. வேற ஒண்ணும் கெடையாது. பீடி குடிச்சதா நான்தான் சொன்னேன். நான் பாக்கல. அந்த வாக்குமூலத்த எங்கிட்ட குடுங்க, அடிச்சுக் கையெழுத்துப் போடுதேன்."

கையெழுத்துப் போட்டேன். இசக்கிப்ரியா என்னைப் பார்க்கவில்லை. பொறி பறக்கப் பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இயந்திரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும்போது ரிஸ்வானா என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, காதுக்குப் பக்கத்துல, வாய் இருக்கிற இடத்துல, எச்சில் தெறிச்ச தடமும் இருந்துச்சு. அதுலயும் சாம்பல் இருக்கு, நெஞ்சுக்குள்ள இருந்து வந்தது. மொதல்ல ஒரு டாக்டரப் பாருங்க."

பிறகு மூன்று மாதம் எங்கள் பிளாக்கில் என் பெயர் காதம்மாள். வீட்டுக்குள் பேசுகிறவர்கள்கூட என்னைக் கண்டதும் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "நல்லாக் கேட்டுக்கிடுங்க பெனிட்டாம்மா!" என்றார்கள். கருவாட்டுக்காரிதான் அதிகம். அவளுக்கு உரிமை உண்டு என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திருத்திய சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஏழு வருடத்தில் முதல் தடவையாக, இசக்கிப்ரியா என் வீட்டுக்குள் வந்தாள். நீட்டினாள். இறப்புக்குக் காரணம்: 'சுற்றுச்சூழல் காரணிகள்.'

"பாத்தியளா யக்கா? சாம்பல்னு நாலு எழுத்து எழுத இவனுவளுக்குக் கை வலிக்குது. என்னமோ மழையில நனைஞ்சு செத்த மாதிரி எழுதி வச்சிருக்கானுவ. அடுத்த மனு போட்டாச்சு."

"பீடி போயிட்டுல்லா?"

"போயிட்டு." காகிதத்தை மடித்தாள். போகாமல் நின்றாள். நான் இருமினேன். அவள் அந்த இருமல் முடிகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"அவிய ஆஸ்பத்திரியில கெடக்கையில எங்கிட்ட ஒண்ணு சொன்னாவ. 'பக்கத்து வீட்டு அக்காவும் என்னை மாதிரியே இருமுதாவ, செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது, சட்டுனு டாக்டரப் பாக்கச் சொல்லு'ன்னாவ. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாவ."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நீ சொல்லவே இல்லையே ப்ரியா."

"ஊரு பூரா பீடின்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள். "சொல்லப்பிடாதுன்னு இருந்துட்டேன். ஏழு வருசமும் உங்க இருமலு எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கூடுது, கூடுதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். எண்ணிக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

பதிமூன்று வருடம் காது வைத்திருந்தும் எனக்குத் தேவைப்பட்ட ஒரே பேச்சு என் காதில் விழவில்லை. அதை அவர் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அவள்தான் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், நான் புகை பிடிப்பேனா என்றுதான் முதலில் கேட்டார். இசக்கிப்ரியா அவரிடம் போட்ட சண்டையை நான்கு வீடு தள்ளியும் கேட்டிருக்கும்.

இப்போது தடுப்புச்சுவர் இரண்டு பக்கமும் வெள்ளை. மூன்று வேளை மாத்திரை. நான் சுவரில் காது வைப்பதில்லை. வைத்தால் பிசுக்கு உடனே தெரிந்துவிடும். இருமல் வந்தால் மட்டும் பால்கனியில் போய் நின்று இருமுகிறேன். முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் இரண்டு தட்டு கேட்கும். மாத்திரை போட்டாயிற்றா என்று அர்த்தம். பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் செருப்புகூடப் போடாமல் ஓடி வருகிறாள்.

அவள் பக்கத்துச் சுவரிலும் இந்நேரம் ஒன்று பதிய ஆரம்பித்திருக்கும். எத்தனை அடி உயரத்தில் என்று தெரியவில்லை. அவள் என்னைவிடக் கொஞ்சம் உயரம்.